அடிக்காத கடிகாரங்கள்

கடிகாரக் கடைக்குள் நுழைந்தவர்களை ‘வாங்க’ என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

கல்லாவில் இருந்த சின்ன முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மேடமும் ஊசியும் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்த சமாச்சாரம் மாதிரி ஆனார்கள். பக்கத்து நாற்காலியில் அவருடைய தாய், முதலாளியம்மா. ஒரு கைக்கடிகாரத்தை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர், இவர்களைக் கண்ட பிறகும் துடைப்பதை நிறுத்தவில்லை. அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

“பேச ஒண்ணும் இல்லன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன்,” என்றார் சின்னவர்.

“பேச வரலைங்க. ஒரு டைம்பீஸ் வாங்கலாம்னு வந்தோம்,” என்றான் ஊசி. “எங்க மேடத்துக்கு இப்ப நேரமே சரியில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. ஊசிக்கு அது பழகிய விஷயம். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. அதனால்தான் அந்தப் பெயர். மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தபோது ஒரு பெரிய டாக்டரின் முகத்துக்கு நேராக ஒரு உண்மையைச் சொல்லித் தொலைத்து, பெட்டியும் பையுமாக நடுத்தெருவுக்கு வந்தவன். அவனைப் பொறுக்கியெடுத்துக் கூட வைத்துக்கொண்டது மேடம்தான். மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சந்தேகச் சாவுகளைத் தோண்டித் துருவியவர். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். சம்பளம்தான் ஒழுங்காக வருவதில்லை. எதிரிகள் மட்டும் தவறாமல் வந்தார்கள்.

இன்றைய வழக்கில் செத்துப்போனவர் இந்த வீட்டு மூத்த மகன், பெரியவர். சளி, காய்ச்சல் என்று படுத்திருந்தார். மனைவி மருந்துக் கடையில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காலை அவருடைய தலைமாட்டில் போன் அலாரம் அலறியது. அதை நிறுத்தக் கையை நீட்டினார், அப்படியே சரிந்தார். காரியம் முடிந்த கையோடு முதலாளியம்மா மருமகளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, கொலைகாரி. மாத்திரை கொடுத்து மகனைத் தீர்த்துவிட்டாள் என்று போலீசில் ஒரு புகார். அதோடு விடாமல், ஒன்பது வயதுப் பேத்தியையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கணவன் போனதைக்கூட அந்தப் பெண் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டாள். மேடத்தின் முன்னால் உட்கார்ந்து அவள் அழுதது மகளுக்காக.

பாப்பாவையும் அவளையும் பரிசோதித்த இதய டாக்டர் விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன் மின்சாரத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். சில குடும்பங்களில், பரம்பரையாக, அந்தத் தயாராவது இழுத்துக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் ஒரு அதிர்ச்சி விழுந்தால் தாளம் கெட்டு ஆளே போய்விடலாம். எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதிர்ச்சியும் வேறுபடும். ஒரு வகைக்கு நீச்சல் ஆகாது. ஒரு வகைக்குத் தூக்கத்திலேயே ஆபத்து. இன்னொரு வகைக்கு எமன் வருவது திடீர்ச் சத்தமாக. ஊரில் எல்லோரும் முழுங்குகிற சில சாதாரண மாத்திரைகள்கூட இவர்களுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய். ஆகவே இன்ன குடும்பத்துக்கு இன்ன மருந்து, இன்ன காவல் என்று ஆளுக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

பாப்பாவின் ரத்தத்தில் சத்த வகை மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. ஆனால் அது இதுவரை வேறு யாரிடமும் பார்த்திராத மாற்றம். அந்த மாற்றம் குற்றவாளியா அப்பாவியா என்று சொல்ல வேண்டுமானால், அதே மாற்றம் உள்ள, மயங்கி விழுந்த இன்னொரு ரத்த சொந்தம் வேண்டும். அப்பா சாம்பலாகிவிட்டார். அம்மாவிடம் அந்த மாற்றம் இல்லை. தாத்தா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா வழியில் முதலாளியம்மாவும் சின்னவரும் பரிசோதனைக்கு வந்தார்கள். இரண்டு பேருமே சுத்தம்.

“உறுதியா சொல்ல முடியல,” என்றார் டாக்டர். எதற்கும் இருக்கட்டும் என்று பாப்பாவுக்குத் தினமும் போட ஒரு மாத்திரை எழுதினார். அவருடைய அந்த மூன்று வார்த்தைகளைத்தான் முதலாளியம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டருக்கே உறுதியில்லை, எங்கள் பரம்பரையில் ஒரு குறையும் இல்லை, என் மகனைக் கொன்றது மாத்திரை, பேத்திக்கும் அதையே கொடுப்பேனா என்று சீட்டைக் கிழித்துப் போட்டார். இப்போது பாப்பா மாத்திரை இல்லாமல் இருக்கிறாள். எந்தத் தெருமுனை ஹாரன் அவளுடைய கணக்கை முடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆக, மேடத்துக்கு வேண்டியது ஒரே ஒரு உறவு.

மேடம் முதலாளியம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பதிலுக்கு வந்ததெல்லாம் வசவு. உங்களுக்குக் குடும்பம் குட்டி இல்லையா, அடுத்தவன் வீட்டுச் சாவில்தான் அடுப்பெரியுமா என்றெல்லாம் கேட்டார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆமாம், எரியத்தான் வேண்டியிருக்கிறது என்றார்.

அந்த நேரத்தில் ஊசி கடையை அளந்தான். ரயில் பெட்டி மாதிரி நீளமான கடை. இரண்டு சுவரிலும் ஆளுயர ஊசல் கடிகாரங்கள், நடுவில் அலாரங்கள் அடுக்கிய அலமாரிகள். கோடியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் ரிப்பேர் மேஜை. அங்கே ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு பெண் குனிந்திருந்தாள். அவளை ஒட்டி ஒரு முக்காலியில் பாப்பா, காலை ஆட்டிக்கொண்டு.

சுவரில் பெரிய முட்கள் எல்லாம் ஒன்றுபோல உச்சிக்கு வந்தன. இத்தனை கடிகாரமும் சேர்ந்து அடித்தால் காது கிழியுமே என்று ஊசி தோளை உயர்த்திக்கொண்டான். வாசல் பக்கம் இரண்டு மூன்று கணீரென்று அடித்து ஓய்ந்தன. உள்ளே தள்ளி மாட்டியிருந்தவை ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. ஊசலை மட்டும் ஆட்டிக்கொண்டு, திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி நின்றன.

ஊசி பக்கத்தில் இருந்த ஒரு கடிகாரத்தின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மணியை அடிக்கிற குட்டிச் சுத்தியலைச் சுற்றிக் கம்பளித் துணி. நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணியின் மேல் வருஷக்கணக்கில் படிந்த தூசி. அடுத்ததைத் திறந்தான். அதிலும் துணி. அலமாரியிலிருந்து ஒரு அலாரத்தை எடுத்துக் குலுக்கினான். பின்பக்க மூடி கழன்று வந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

அவனுக்குள் ஒரு குழாய் விளக்கு மினுக்கி மினுக்கிப் பற்றிக்கொண்டது. சத்தத்துக்குப் பயந்தவன் எவனோ இந்தக் கடையில் இருக்கிறான். அதுவும் பெரியவர் சாவதற்கு வெகு காலத்துக்கு முன்பே பயந்தவன். பரிசோதனையில் சுத்தம் என்று வந்தவர் சின்னவர். சின்னவருக்குப் பெரிய இடத்தில் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் விடை வந்துவிட்டது. மேடம் கண்ணைக் காட்டியது அவனுக்குப் புரியவில்லை. புரியாதபோது வாயை மூடுகிற பழக்கமும் அவனுக்கு இல்லை.

“சின்ன முதலாளி, பரிசோதனைக்கு உங்களுக்குப் பதிலா யார் ரத்தத்தக் குடுத்தீங்க?”

ஊசி மளமளவென்று கொட்டினான். கட்டிய சுத்தியல்கள், பேட்டரி இல்லாத அலாரங்கள், கல்யாணம். சத்தம் கேட்டால் மாப்பிள்ளைக்கு உயிர் போய்விடும் என்று தெரிந்தால் பெண் வீட்டில் காபித் தண்ணிகூடக் கிடைக்காது என்றான்.

சின்னவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம். அவர் சாவகாசமாக எழுந்து வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“எடு. ரத்தம் எடு, எச்சில் எடு, எது வேணும்னாலும் எடு. இங்கயே, இப்பவே. அதே சுத்தம்தான் வரும். வந்ததும் உன் மேல மானநஷ்ட வழக்கு போடறேன். இந்த எலும்புக்கூட வித்தா எவ்வளவு தேறும்னு பாக்கலாம்.”

முதலாளியம்மா முதல் முறையாகச் சிரித்தார். கேட்டவர்களுக்குக் குளிரெடுக்கிற சிரிப்பு. “துப்பறிய வந்த மூஞ்சிகளப் பாரு. கூட்டிட்டுப் போம்மா உன் ஆள. குழந்தை பயப்படுது.”

ஊசிக்கு முகம் தொங்கிப் போயிற்று. பொய் சொல்கிறவன் இவ்வளவு நிம்மதியாகப் பொத்தானைக் கழற்ற மாட்டான் என்று அவனுக்கே தெரிந்தது. மேடம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவர் திட்டுகிற விதம்.

“அவர் சொல்றது உண்மை,” என்றார் மேடம். “ஏன்டா, நீ எல்லாத்தையும் பாத்த. அவர் தலைக்கு மேல இருக்கறத பாத்தியா?”

ஊசி பார்த்தான். கல்லாவுக்கு நேர் மேலே, சின்னவரின் நாற்காலிக்கு ஒரு முழம் உயரத்தில், கடையிலேயே பெரிய கடிகாரம். இப்போது கணீரென்று அடித்ததில் முதல் ஆள் அதுதான்.

சத்தத்துக்குப் பயந்தவன் அதன் கீழே உட்கார்ந்து சில்லறை எண்ணுவானா என்று கேட்டுக்கொண்டே மேடம் நடக்க ஆரம்பித்தார். வாசலிலிருந்து உள்ளே, ஒவ்வொரு கடிகாரத்தின் கதவையும் திறந்து மூடிக்கொண்டு. முதல் சிலவற்றில் சுத்தியல் வெறுமையாக இருந்தது. நடுவிலிருந்து துணி ஆரம்பித்தது. போகப் போகத் துணி தடித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தவற்றில் சுத்தியலே இல்லை. கழற்றி, பத்திரமாக ஒரு நூலில் உள்ளேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

“துணி எந்தப் பக்கம் தடிக்குதோ அந்தப் பக்கம்தான் ஆள்,” என்றார்.

முதலாளியம்மாவின் கையிலிருந்த துடைப்புத் துணி நின்றது.

“அங்க போகாத. அது ரிப்பேர் பண்ற இடம். வேலைக்காரி இருக்கா, அவ்வளவுதான்.”

மேடம் கதவை ஓசையில்லாமல் தள்ளினார். ரிப்பேர்காரப் பெண் எழுந்து நின்றாள். நாற்பதைத் தாண்டியவள். மோவாயில் ஒரு தழும்பு, புருவத்தில் ஒன்று, இரண்டும் எங்கோ மோதி விழுந்தவை. மேஜை முழுக்க ரப்பர் விரிப்பு. அதன் ஓரத்தில் ஒரு மாத்திரை அட்டை. ஊசிக்கு அதன் நிறமே போதும். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் அதை விற்றவன் அவன். வலிப்புக்குக் கொடுப்பது.

கடிகாரங்களுக்குத் துணி கட்டியது யார் என்று மேடம் கேட்டார். பெரியவர் என்றாள் அவள். யாருக்காக என்று கேட்டார். அவள் மேடத்தின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அங்கே முதலாளியம்மா வந்து நின்றிருந்தார், பின்னால் மகன்.

“அவளுக்குத் தலைவலி வரும். என் பெரியவன் இளகின மனசுக்காரன். கட்டி விட்டான்.”

“தலைவலின்னா எங்க பழைய முதலாளி தைலம் தேச்சுக்கச் சொல்லுவாரு,” என்றான் ஊசி. “கடையவே ஊமையாக்க மாட்டாரு.”

பதில் முக்காலியிலிருந்து வந்தது.

“அத்தைக்கு திடீர்னு சத்தம் கேட்டா மயக்கம் வரும். அப்பா சொல்லியிருக்காங்க.”

“கண்டவள எல்லாம் அத்தைன்னு கூப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது?” என்றார் முதலாளியம்மா.

பாப்பா விடவில்லை. “அப்பாவோட அக்கா அத்தைதானே பாட்டி? அப்பாதான் சொன்னாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க.” சொன்ன பிறகுதான் உறைத்தது போல, வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

பிறகு அங்கே யாரும் எதையும் மறைக்கப் பெரிதாக முயற்சி செய்யவில்லை. மேடம் விஷயத்தைக் கோத்துக்கொண்டே போனார். சின்ன வயதில் அடிக்கடி விழுந்த பெண். வலிப்பு என்று யாரோ சொன்னார்கள். வலிப்புப் பெண் இருக்கிற வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள் என்று, வயது வந்ததும் வீட்டை விட்டு அப்புறப்படுத்தி, ஊருக்கு அவள் செத்துப்போனாள் என்று சொல்லியாயிற்று. அம்மா மனம் இறங்கவில்லை, இப்போது செத்துப்போன தம்பிதான் அவளைக் கடைக்குக் கூட்டி வந்தான். மகளாக இல்லை, வேலைக்காரியாக. அந்த நிபந்தனையை அவன் மனைவியிடம்கூட மீறவில்லை. டாக்டர் குடும்ப வரைபடம் போட உட்கார்ந்து, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது முதலாளியம்மா இரண்டு என்றார். டாக்டர் இரண்டு கோடு போட்டார். எந்தக் கிளையில் காய் இருந்ததோ அந்தக் கிளையே படத்தில் இல்லை.

“உங்க தம்பி உங்களுக்காக இத்தன மணிய கட்டினாரு,” என்று மேடம் அந்தப் பெண்ணிடம் சொன்னார். “தனக்கும் அதே இருக்கும்னு அவருக்குத் தோணவே இல்ல. அலாரத்த தலமாட்டுல வெச்சுக்கிட்டு படுத்தாரு.”

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு வலிப்புன்னுதானே சொன்னாங்க.”

அது இதயமாக இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும் என்றார் மேடம். சின்னவரை மறுபடி சோதிக்கலாம் என்று டாக்டரிடம் வாங்கி வந்திருந்த எச்சில் குப்பியைப் பையிலிருந்து எடுத்து ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார். பாப்பாவிடம் உள்ள அதே மாற்றம் இதிலும் இருந்தால் டாக்டருக்கு உறுதி வந்துவிடும். பாப்பாவின் மாத்திரையை யாரும் மறுக்க முடியாது. அவளுடைய அம்மா கொலைகாரியும் இல்லை.

முதலாளியம்மா ஒரு அடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“அதுல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா இந்தக் கடையில உனக்கு இடம் இல்ல. உன் தம்பி கல்யாணம் நின்னா அந்தப் பாவம் உன் தலையில. இத்தன வருஷம் சோறு போட்டது யாருன்னு நெனச்சுப் பாரு.”

“அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்,” என்றாள் அவள்.

குப்பியை எடுத்தாள். அதன் கோடு வரைக்கும் எச்சில் நிரம்ப வேண்டும். ஒரு தடவையில் ஆகிற காரியம் இல்லை. மறுபடி மறுபடி உமிழ்ந்தாள். அவ்வளவு நேரமும் தன் தாயின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூடியைத் திருகி மேடத்திடம் கொடுத்துவிட்டு அவள் பாப்பாவின் கையைப் பிடித்தாள். “இவள இவ அம்மாகிட்ட விட்டுடறேன். இன்னிக்கே மாத்திரை போடட்டும்.”

சின்னவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கல்யாணம், கடை, கௌரவம் எல்லாமே கண்ணெதிரே வாசலை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார். ஒருத்தரும் வெளியே போக முடியாது என்று கத்தியபடி, மூலையில் சாத்தியிருந்த கொக்கிக் கம்பியைத் தூக்கி, மேலே சுருட்டியிருந்த இரும்பு ஷட்டரில் மாட்டினார். உடம்பின் எடை முழுவதையும் போட்டு இழுத்தார்.

அந்த ஷட்டர் தரையில் மோதினால் எப்படி இருக்கும் என்று ஊசிக்குத் தெரியும். தெருவே திரும்பிப் பார்க்கும். அத்தையும் பாப்பாவும் வாசலிலிருந்து நான்கு எட்டு தூரத்தில் இருந்தார்கள். அவன் பாய்ந்தான். எட்டாது என்று பாய்ந்த கணமே தெரிந்துவிட்டது.

அவனுக்கு முன்னால் ஒரு உருவம் குறுக்கே போனது.

முதலாளியம்மா ஷட்டருக்குக் கீழே தோளைக் கொடுத்தார். இரும்பு அவர் மேல் வந்து இறங்கியபோது கேட்டது எலும்பின் மந்தமான சத்தம் மட்டும். முட்டி மடங்கியது. ஆனால் விழவில்லை. வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. உதட்டைக் கடித்து அதையும் உள்ளேயே விழுங்கினார். சின்னவர் கம்பியை விட்டுவிட்டு மலங்க மலங்க விழித்தார்.

ஊசி ஓடிப்போய் மறு பக்கத்தைத் தாங்கிக்கொண்டான். மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

“வலிப்பு இல்லன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?”

முதலாளியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“இவங்க அப்பா புதுசா வந்த அலாரத்த ஒருத்தருக்கு அடிச்சுக் காட்டிக்கிட்டிருந்தாரு. அப்படியே கல்லா மேல கவுந்தாரு. மாரடைப்புன்னாங்க. நான் கூடவே நின்னேன். இவ விழற மாதிரியேதான் விழுந்தாரு.”

தாயின் தோளிலிருந்து சேலை வழியாக ரத்தம் கசிந்தது. அதைத் துடைக்க மகளின் கை ஒரு கணம் எழுந்தது.

“தொடாத,” என்றார் முதலாளியம்மா. “பாப்பாவ கூட்டிட்டுப் போ. இந்தப் பக்கம் திரும்பி வராத.”

மகளின் கை இறங்கியது. பாப்பாவைத் தன்னோடு அணைத்துக்கொண்டு குனிந்து, அந்தத் தோளுக்கும் இரும்புக்கும் கீழாக நுழைந்து தெருவுக்குப் போனாள். மேடம் குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் போனார். கடைசியாக ஊசி, தாங்கியிருந்த பக்கத்தை முதலாளியம்மாவிடமே ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தான். உள்ளே சின்னவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், வாயை மூடு என்று முதலாளியம்மா அடிக்குரலில் சொன்னதும் அவன் காதில் விழுந்தது.

அவர்கள் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அடிபட்ட தோளோடு உள்ளேயிருந்து ஒருத்தி அதை விரற்கடை விரற்கடையாக இறக்கினாள். முதலில் அவள் முகம் மறைந்தது, அப்புறம் கைகள், கடைசியில் பாதங்கள்.

இரும்பு தரையைத் தொட்டது. சத்தமே இல்லை.